மருந்துக்கு மசியாத கிருமி

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் என்னைவிடக் கர்வம் பிடித்தவள் இருந்திருக்க முடியாது. நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு வயிற்று வலிக்கு மருந்து கேட்பார்கள். மீதிப் பேர் நான் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் படித்தவள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். இரண்டாவது கூட்டம்தான் உண்மைக்குச் சற்று அருகில் இருந்தது.

மெட்ராஸில் இருந்த என் பேராசிரியருக்கு ஒரு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்திருந்தது. டைபாய்டுக் கிருமிக்கும் குளோராம்பெனிகால் என்ற மருந்துக்கும் நடக்கிற சண்டையில் யார் ஜெயிக்கிறார்கள், எப்படி ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். கிருமி வேண்டுமென்றால் காய்ச்சல்காரர்கள் வேண்டுமே. அதற்காகச் செங்கல்பட்டில் பத்துக் கட்டில் போட்ட ஒரு சின்ன நர்சிங் ஹோமின் பின்கட்டில் இரண்டு அறைகளைப் பிடித்து, என்னை அதில் உட்கார வைத்துவிட்டு அவர் ரயிலேறிப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வந்து ஏதாவது கிடைத்ததா என்று கேட்பார். இல்லை சார் என்பேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மசால்தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

நர்சிங் ஹோமை நடத்திய டாக்டரம்மா அதிகம் பேசாதவர். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவரிடம் வரும் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை நான் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, ரத்தம் கொடுக்கும் ஏழைகளுக்கு மருந்து முழுவதும் எங்கள் திட்டத்தின் செலவு. யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடுதான். ஊசி குத்தும்போது மட்டும் சிலர் என் பரம்பரையை விசாரிப்பார்கள்.

குளோராம்பெனிகால் அந்தக் காலத்தில் சர்வரோக நிவாரணி மாதிரி. டைபாய்டா, அதுதான். கண்ணில் பூளை கட்டினால் அதன் களிம்பு. காதில் சீழ் வடிந்தால் அதன் சொட்டு மருந்து. உள்ளே புகுந்த கிருமி எது என்று தெரியாவிட்டாலும் இதைக் கொடுத்துப் பார்க்கலாம், பல ஜாதிக் கிருமிகளை ஒரே மருந்து அடக்கும் என்று டாக்டர்களுக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. எப்போதோ ஒருவருக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். பச்சைக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. அதனால் டாக்டரம்மா அதை எழுதும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்தி, நோயாளியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

எனக்கு அந்த மருந்தோடு இருந்த உறவு வேறு. கிருமி உயிரோடு இருக்க ஓயாமல் புரதம் சமைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளோராம்பெனிகால் நேராக அந்த அடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு சமையலை நிறுத்திவிடும். ஆனால் சில கிருமிகள் மசியாது. அவற்றிடம் வளையம்போல் ஒரு சின்ன டி.என்.ஏ. தனியாக இருக்கும், மருந்தை முடக்கும் வித்தை அதில் எழுதியிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிருமியை ஒரு சாதுவான ஆய்வகக் கிருமியோடு ஒரே குழாயில் விட்டு வைத்தால், வளையத்தின் நகல் ஒன்று இதற்கும் போய்விடும். மறுநாள் பார்த்தால் சாதுவும் மருந்துக்கு மசியாது. யாரிடம் வளையம் போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதும் அதே மருந்தை வைத்துத்தான். மருந்து கலந்த தட்டில் தேய்த்தால் வளையம் உள்ளது பிழைக்கும், இல்லாதது சாகும். நோயாளிக்கு மருந்து, எங்களுக்குச் சல்லடை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். மருந்துக்கு மசியாத டைபாய்டுக் கிருமி ஒன்று என் கையில் கிடைத்தால்தானே சோதனையைத் தொடங்க முடியும்? எல்லாக் கிருமியும் மருந்தைக் கண்டதும் செத்துத் தொலைந்தது. கரண்ட் அடிக்கடி போகும், அப்போது இன்குபேட்டரும் தூங்கிவிடும். கிருமி வளர்க்கும் தட்டுக்கு அகர் வேண்டும். அகர் என்றால் வேறொன்றுமில்லை, கடல்பாசிதான். மெட்ராஸிலிருந்து பார்சல் வராத மாதங்களில் கடைத்தெருவில் ஒரு பாய் கடைக்குப் போய், நோன்பு நாட்களில் சர்க்கரையும் பாலும் சேர்த்துக் காய்ச்சி வில்லை போடுவார்களே, அதே கடல்பாசியை வாங்கி வருவேன். வீட்டில் விசேஷமா என்று பாய் கேட்பார். விருந்தாளிகள் நிறையப் பேர் வருகிறார்கள் என்பேன். அது பொய்யில்லை.

மூன்று மாதம் இப்படியே போனது. பேராசிரியர் இன்னும் மூன்று மாதம் பார்ப்போம், கிடைக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார், நான் கிருமி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காய்ச்சல்காரர் வரும்போதும், இவருடைய கிருமியாவது மருந்துக்கு அடங்காமல் இருக்கவேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். அந்த வேண்டுதலுக்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு மீன்கார அக்கா வந்து சேர்ந்தார். முன்பே தெரிந்தவர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து எங்கள் தெரு முனையில் உட்காருவார். முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். மீன் வாசனை என்று கண்டக்டர் தினமும் கடைசி சீட்டுக்கு விரட்டுவார், அவரும் தினமும் பதில் கொடுத்துக்கொண்டே முன்னால் உட்காருவார். என் அம்மா அவரிடம் வாரம் நான்கு நாள் விலைக்குச் சண்டை போட்டு நான்கு நாளும் தோற்பார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தே இவர் எந்த மீனுக்கு மடங்குவார் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அன்று அவர் கூடையின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஒரு வாரமாகக் காய்ச்சலோடு பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். தெருவில் இருந்தவர்கள் நர்சிங் ஹோமுக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், டைபாய்டு என்றார். பேனா ஒரு நொடி நின்றது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கேப்சூல், மொத்தம் பதினான்கு நாள். ரத்தம் நான் எடுத்தேன்.

நான்காம் நாள் காலை தட்டுகளைத் திறந்தேன். மருந்தில்லாத தட்டில் டைபாய்டுக் கிருமி ஜோராக வளர்ந்திருந்தது. மருந்து கலந்த தட்டு கழுவிக் கவிழ்த்தது மாதிரி இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா அக்காவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். தட்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் ரொம்ப நல்லது என்றார். எனக்கோ அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. காத்திருந்த வேறு நோயாளிகளுக்குக் கட்டில் வேண்டியிருந்தது. மீதி எட்டு நாளுக்கான கேப்சூல்களைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்து அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் இல்லையென்று நிறுத்திவிடக் கூடாது, கடைசி மாத்திரை வரைக்கும் விழுங்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நானும் என் பங்குக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அக்கா தலையை ஆட்டினார். வழக்கத்துக்கு மாறாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பலவீனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய கணவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதே காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறாள் என்று கையைப் பிசைந்தார். டாக்டரம்மா பிரசவ கேஸில் இருந்தார். என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு பொட்டலம் மருந்தைக் கொடுத்து, நீயே போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வா, முதல் வேளை மருந்தை உன் கண் முன்னால் விழுங்க வை, ரொம்பவும் மோசமாக இருந்தால் கையோடு அழைத்து வந்துவிடு என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முழு மருந்தையும் சாப்பிட்டுக் காய்ச்சல் திரும்பியிருக்கிறதென்றால் உள்ளே மிச்சமிருந்த கிருமி மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தமில்லையா? தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு, ஊசியையும் ரத்தம் ஊற்றும் புட்டியையும் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாமல்லபுரத்தில் இறங்கி மணலில் நடந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

குப்பத்துக் கரையில் கட்டுமரங்கள் அப்போதுதான் ஏறியிருந்தன. மீனைக் குவித்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. உடம்பு சரியில்லாமல் கரையிலேயே இருந்துவிட்டவனுக்கும் ஒரு கை மீன் எடுத்து வைத்தார்கள். இங்கே எது வந்தாலும் இப்படித்தான் என்று அக்காவின் கணவர் சொன்னார். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு நடந்தவள், நாலடி தள்ளி ஒருவர் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த காரியத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

அவருக்குக் காலில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்தது. கையில் ஒரு கேப்சூல். அதை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருந்த பொடியைக் காயத்தின் மேல் விபூதி மாதிரித் தூவிக்கொண்டிருந்தார். எங்கள் கேப்சூல். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பங்கு வந்தது என்றார், மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால் கடலில் என்று சொல்வதுபோல.

விசாரித்துக்கொண்டே போனால் வீட்டுக்கு வீடு போயிருந்தது. காதுக் குத்தலுக்கு ஒருவர் விழுங்கியிருந்தார். ஒருவர் இருமலுக்கு. கைக்குழந்தையின் வயிற்றுப்போக்குக்குப் பாலில் கரைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு பெண் முடிந்து வைத்திருந்தாள். நல்லவேளை, இன்னும் கொடுக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கரையிலேயே நின்று கத்தினேன். இது ரத்தத்தையே வற்ற வைக்கிற மருந்து, குழந்தைக்குக் கொடுத்தால் கொலை, அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, தப்பிப் பிழைத்தது எல்லாம் மருந்தை மதிக்காத கிருமியாக வளர்ந்து நாளைக்கு ஊரையே படுக்க வைக்கும், உங்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா என்று வாய்க்கு வந்தபடி வெளுத்து வாங்கினேன். அவர்கள் மீன் பிரிப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை என் கையில் வைத்தாள். கால் வீங்கியவர் மட்டும், தூவினதை என்ன செய்வது என்று கேட்டார்.

அதே கோபத்தோடு குனிந்து குடிசைக்குள் போனேன். அக்கா பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். தெருமுனையில் உட்கார்ந்து என் அம்மாவைத் தோற்கடித்தவர் அவர் என்று சொன்னால் நம்ப முடியாது, அப்படி வற்றிப் போயிருந்தார். நெற்றி கொதித்தது. தலைமுடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. பெண் குழந்தைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த அம்மா செத்துப் போகலாம் என்று அதுவரை ஒருமுறைகூடத் தோன்றாதது ஏன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"எதுக்கக்கா குடுத்தீங்க? அது உங்க உயிர் இல்லியா?" என்றேன்.

"நீதான சொன்ன, நான் பொழைக்கமாட்டேன்னு."

நான் எப்போது சொன்னேன் என்று திகைத்துப் போய்க் கேட்டேன்.

"வாயால சொல்லல. அன்னிக்கி ரெண்டு தட்டு எடுத்துகினு வந்தியே. டாக்டரம்மா இன்னாவோ இங்கிலீசுல நல்ல வார்த்தையாத்தான் சொன்னாங்க. டாக்டருங்க எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லுவாங்க. நான் உன் மூஞ்சியப் பாத்தேன். எழவு வூட்டுக்கு வந்த மாதிரி நின்னுகினு இருந்த. ரெண்டே நாள்ல வூட்டுக்கும் அனுப்ச்சிட்டீங்க. சரி, கைவுட்டுட்டாங்கன்னு புரிஞ்சிகினேன். சாவப் போறவளுக்கு எதுக்கு அவ்ளோ மருந்து? நாலு பேருக்கு ஒதவட்டும்னு பங்கு போட்டுக் குடுத்தேன்."

கரையில் நின்று அத்தனை பேரையும் மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். எட்டு நாள் மருந்தை அவரிடமிருந்து பிடுங்கியவள் நான். பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம், அன்றைக்கு எனக்குத் தலைவலி என்று. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். உங்கள் கிருமி அந்த மருந்துக்கு உடனே செத்துவிட்டது, நீங்கள் பிழைப்பீர்கள் என்றுதான் அந்தத் தட்டுக்கு அர்த்தம், ஆனால் எனக்குச் சாகாத கிருமிதான் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லையே என்றுதான் என் முகம் அப்படி ஆகிவிட்டது என்றேன். இன்றைக்கும் அதே ஆசையோடுதான் பஸ் ஏறினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அக்கா கூரையைப் பார்த்தார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன்.

"ரேடியோல பொயலு வருதுன்னு சொல்லுவான். எங்க வூட்டு ஆளு கடல்ல இருப்பாரு, கரைக்கி வந்திருக்கமாட்டாரு. அப்பகூட எனக்கு மொதல்ல இன்னா தோணும் தெரியுமா? நாளைக்கி மரம் எறங்காது, கூடைல கீற மீனு நல்ல வெலைக்கிப் போவும்னு தோணும். அப்பறம்தான் அவரு நெனப்பே வரும்." அவர் என் பக்கம் திரும்பினார். "நெனப்பு வந்தா வரட்டும் தங்கச்சி. மூஞ்சில காட்டாத."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. வாசலில் நின்றுகொண்டிருந்த கணவர், இதையா இவ்வளவு நாளாக மனசில் வைத்திருந்தாய் என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். புயல் விஷயம் அவருக்கும் புதிது என்று நினைக்கிறேன்.

என்னோடு செங்கல்பட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பஸ்ஸில் உட்காரும் தெம்பு இல்லை, மருந்து ஒன்றுதானே, இங்கேயே விழுங்குகிறேன் என்றார். கஞ்சித் தண்ணீரோடு இரண்டு கேப்சூலை என் முன்னாலேயே விழுங்கினார். நான் ரத்தம் எடுத்துக்கொண்டேன். கணவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் இருந்தவர்களிடம் காட்டி, இது மரத்துப் பங்கு, யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். மரத்துப் பங்கில் அங்கே யாரும் கைவைக்கமாட்டார்கள். நான் கரையில் தொண்டை வற்றக் கத்தியது செய்யாத வேலையை அந்த ஒரு வார்த்தை செய்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வந்தேன். கடலோரத்து வெயிலில் கறுத்துப் போய்விட்டேன் என்று அம்மாவுக்கு மாப்பிள்ளைக் கவலை இன்னும் கூடியது.

அந்த ரத்தத்தில் வளர்ந்த கிருமியும் மருந்துக்குச் செத்தது. இந்தத் தடவை தட்டைப் பார்த்து நான் கும்பிட்டேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது, பதினான்கு நாள் மருந்தும் முழுசாக உள்ளே போனது. ஐப்பசி பிறப்பதற்குள் அக்கா தலையில் குட்டையாகப் புது முடியோடு தெருமுனைக்குத் திரும்பி வந்துவிட்டார். அம்மா மறுபடியும் தோற்கத் தொடங்கினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா, உன் மாப்ள கெடைச்சானா?" என்று கேட்பார். கிருமியைத்தான் கேட்கிறார் என்று தெரியாமல் அம்மா ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார்.

தை மாதம் கிடைத்தான். பேராசிரியர் கொடுத்த கெடு எப்போதோ தாண்டி, மாதாமாதம் கெஞ்சி நீட்டித்து, கடைசியாக இன்னும் பத்தே நாள் என்று வாங்கியிருந்தேன். காலை எட்டு மணிக்கு இன்குபேட்டரைத் திறந்தால் மருந்து கலந்த தட்டு முழுக்கப் புள்ளிகள். ரவையை வாரி இறைத்ததுபோல. நம்ப முடியாமல் இன்னொரு தட்டைப் பார்த்தேன், அதிலும் அப்படியே. அறைக்குள் தனியாக ஒரு சுற்று ஆடினேன். தபால் ஆபீசுக்கு ஓடிப் பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன். அவர் உடனே ரயிலேறுவதாகச் சொன்னார். திரும்பி வந்து, அந்தக் கிருமியில் ஒரு துளியைச் சாதுக் கிருமியோடு குழாயில் சேர்த்து வைத்தேன், நாளைக்கு வளையம் மாறியிருக்கும். பிறகு யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. தெருமுனைக்குப் போனேன்.

அக்கா வவ்வால் மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்கா, கிடைச்சுட்டான் என்றேன். அவருக்கும் வாயெல்லாம் பல். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரோட ரத்தம் அது?"

ஆறாம் நம்பர் கட்டில் என்றேன்.

"அந்த ஆளு இப்ப எப்டிகீறாரு?"

ஆறாம் நம்பருக்கு நான்கு நாளாக அந்த மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவருக்குக் கேட்காது என்று செங்கல்பட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மெட்ராஸுக்குச் சொல்லிவிட்டேன், மீன் கூடைக்குச் சொல்லிவிட்டேன், முப்பதடி தூரத்தில் இருக்கும் டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதவில்லை.

ஓடினேன். மூச்சு வாங்க நின்று சொன்னதும் டாக்டரம்மா வேறு ஊசி மருந்தை எழுதி நர்ஸிடம் நீட்டினார். பிறகு, எப்போது தெரிந்தது என்று என்னிடம் கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். சுவரில் மணி பதினொன்றே முக்கால். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் போனேன். அந்தக் கையிலிருந்து ரத்தம் எடுத்தவளே நான்தான், நரம்பு எங்கே ஓடுகிறது என்றுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. முகத்தை அன்றுதான் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், கண் குழி விழுந்து, உதடு வெடித்துப் போயிருந்தார். மதுராந்தகத்தில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னிக்காவது எறங்குமாம்மா?" என்று கேட்டார்.

இறங்கும் என்றேன். இறங்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் இன்குபேட்டரைத் திறப்பதற்கு முன்னால் அவர் கட்டிலுக்குப் போய்விட்டு வந்தேன்.